வெட்டுறதுதானே

எங்கள் ஆட்டத்தில் நான் வாள்காரி. நிஜத்தில் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். இரண்டு இடத்திலும் என் பிழைப்பு ஒன்றுதான் என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் வந்து நிற்பார். "மிஸ், உங்க பீரியட நான் எடுத்துக்கட்டுமா? நீங்க சும்மா ஓடத்தானே விடுவீங்க?" என்பார். சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவேன். உள்ளே பற்றிக்கொண்டு எரியும். சரி, அது சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை, தொலையட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வீட்டு மேஜையிலும் அதே கதை என்றால் மனுஷி என்ன செய்வாள்?

ஆட்டம் இதுதான். தம்பி ஒரு கதை சொல்வான். காடு, கோட்டை, பூதம் எல்லாம் அவன் பொறுப்பு. கதைக்குள் நடமாடுகிற ஆட்கள் நாங்கள் மூன்று பேர். அவன் மனைவி வைத்தியச்சி. அவனுடைய காலேஜ் சிநேகிதரான பல் டாக்டர், மந்திரவாதி. நான் வாள்காரி. ஆளுக்கொரு சின்னப் பொம்மை மேஜையில் நிற்கும். யார் என்ன செய்ய நினைத்தாலும் இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் காரியம் பலிக்கும். இருபதே விழுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆரம்பத்தில் நான்தான் ராணி. மந்திரவாதியிடம் இருந்தது மொத்தம் இரண்டே மந்திரம். ஒன்று விளக்கேற்ற, ஒன்று எதிரியைத் தூங்கவைக்க. இரண்டும் தீர்ந்ததும், "அக்கா, கொஞ்சம் முன்னாடி நில்லுங்க" என்று என் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வார். நின்றேன். அவர் மேல் விழ வேண்டிய அம்பெல்லாம் என் மேல் விழுந்தது. அதில் எனக்குப் பெருமைதான், பொய் சொல்வானேன்.

ஆட்டம் வளர வளர அவரும் வளர்ந்தார். பறந்தார். சுவரைத் தண்ணீராக்கினார். பூட்டை முறைத்தால் அது பயந்துபோய்த் திறந்துகொண்டது. நான்? முன்பு ஒரு வெட்டு வெட்டினேன், இப்போது இரண்டு. அதுவும் எதிரியிடம் போய்ச் சேர்வதற்குள் எதிரி சாம்பலாகியிருப்பான்.

"என்னடா நியாயம் இது?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"முதல்ல அவன் எவ்வளவு கஷ்டப்பட்டான்கா. அதுக்குப் பலன் இப்பதான் கிடைக்குது."

"உன் டாக்டர் கஷ்டப்பட்டப்ப அடி வாங்கினது யாரு?"

தலையைச் சொறிந்தான். அடுத்த வாரம் கதையில் எனக்கு ஒரு நெருப்பு வாள் கிடைத்தது. அதுவே எரிந்தது, அதுவே பாய்ந்தது. "இப்ப வாள் சண்டை போடுது, நான் அத மாட்டி வைக்கிற ஆணி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

மந்திரவாதியின் முறை வந்தால் லேசில் முடியாது. மந்திர அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, சொத்தைப் பல்லைத் தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் குடைவார். சும்மா எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஒரு நாள் எழுந்து டீ போட்டேன். அடுத்த வாரமும் போட்டேன். அப்புறம் அது என் வேலையாகவே ஆகிவிட்டது. என் முறை வந்தால் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பேன், அங்கே யாராவது எனக்காக உருட்டிவிடுவார்கள்.

போன வாரம் தம்பிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். "இந்த ஞாயித்துக்கிழமையோட சரிடா. இனிமே நான் வரல."

"சரிக்கா. ஆனா இந்த வாரம் வா. கண்டிப்பா வா" என்றான்.

சொல்லிவிட்டேனே தவிர, வைத்த போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு அதைக் கப்பல் என்று அடித்துச் சொன்ன இரண்டு பேர் நாங்கள். வளர்ந்து ஆளுக்கொரு வீடு ஆனபின் எங்களுக்குள் பேச மிச்சம் இருந்தது அம்மாவின் மாத்திரையும் பழைய வீட்டு ஒழுகலும்தான். இந்த மேஜையில் மட்டும்தான் அவன் மறுபடியும் என் தம்பியாக இருந்தான். அதை விட்டுவிட்டு நான் எங்கே போய் அவனைத் தேடுவது?

ஆனாலும் விறைப்பாகத்தான் போய் உட்கார்ந்தேன். மேஜை நடுவில் சாம்பல் நிற அட்டையில் ஒரு குகை. பாறை பாறையாக வெட்டி, ஒட்டி, வண்ணம் அடித்திருந்தான். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குகைக்குள் கல் பூதம் எழுந்து நின்றது. முதல் முறை மந்திரவாதிக்கு. டாக்டர் அட்டைகளைப் பரப்பினார். நான் எழுந்தேன்.

"இரு அக்கா. டீ அப்புறம் போட்டுக்கலாம்" என்றான் தம்பி.

உபசாரத்துக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். "நீங்க ஆடுங்கப்பா" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

பால் பொங்குகிற நேரத்தில் அவன் குரல் கேட்டது. "அக்கா! உன் முறை. சீக்கிரம் வா!"

அதற்குள்ளாகவா என்று ஒரு நொடி தோன்றியதுதான். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "நீங்களே உருட்டுங்கடா. வெட்டுறதுதானே, அதுக்கு நான் எதுக்கு?"

பிறகு பகடை உருளும் சத்தம். அதன் பின்னாலேயே டாக்டரின் கூச்சல்.

தட்டோடு வெளியே வந்தேன். பூதப் பொம்மை கவிழ்ந்து கிடந்தது. டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அக்கா, இந்தக் குகைல மந்திரமே பலிக்கல! நானும் ஒண்ணொண்ணா போட்டுப் பாக்கறேன், ஒண்ணும் ஆகல. பறக்கக்கூட முடியல. நீங்க ஒருத்தர்தான் எங்களுக்கு வழி. உங்களுக்காக நான்தான் உருட்டினேன். இருபது! ஒரே வெட்டு!"

தம்பி என்னைப் பார்க்கவில்லை. அட்டைப் பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

டம்ளர் கழுவும்போது அவன் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "ஆபீசுக்கு லீவு போட்டு உக்காந்து செஞ்சார் அண்ணி. இன்னிக்கு முழுக்க உங்க ஆட்டம்தான்னு சொல்லிட்டே இருந்தார். பூதம் உங்ககிட்ட என்ன பேசணும், நீங்க தோத்துப்போற மாதிரி வந்து எப்படி எழுந்திரிக்கணும்னு எங்கிட்டயே நடிச்சுக் காட்டினார். ஒரே அடில முடிஞ்சுபோகும்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையைக்கூடத் துடைக்காமல் மேஜைக்குப் போனேன்.

"டேய், அந்த வெட்ட அழிச்சிடுடா. நான் உருட்டறேன். முதல்லேர்ந்து ஆடலாம்."

நிமிர்ந்தான். முகத்தில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விழுந்தது விழுந்ததுதான்கா. நீ சொன்னதுதானே" என்றான்.

நான் சொன்னதுதான். சின்ன வயதில், பாம்பு ஏணி ஆட்டத்தில் பாம்பு வாயில் மாட்டி, இன்னொரு தரம் உருட்டுகிறேன் என்று அழுத பொடியனிடம், பகடையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு சொன்னேன். எத்தனை கண்டிப்பான டீச்சர் நான்!

கிளம்பும்போது வாசலில் என் கையில் எதையோ வைத்தான். காகிதத்தில் சுற்றிய விரலளவு பொம்மை. என் வாள்காரி. "நீயே வெச்சுக்கோ" என்றான்.

"கவலப்படாதீங்க அக்கா. இனிமே உங்களுக்கு பதிலா நாங்களே உருட்டிக்கிறோம்" என்றார் டாக்டர் உள்ளேயிருந்து. நல்ல மனதோடுதான் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன், டீ போட எழுந்திருக்கவே மாட்டேன் என்றெல்லாம் சொல்லத் தொண்டைவரை வந்தது. அத்தனையையும் திரட்டி ஒரே சொல்லாகச் சொன்னேன்.

"வரேன்டா."

"சரிக்கா. பாத்துப் போ" என்றான்.

வாசலில் நின்று எல்லாரும் சொல்கிற 'வரேன்' என்றுதான் எடுத்துக்கொண்டான். வேறு எப்படி எடுத்துக்கொள்வான்? கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பிப் போய், நிஜமாகவே வரேன்டா என்று சொல்லியிருக்கலாம். பி.டி. டீச்சருக்கு இரண்டு மாடி ஏறுவது பெரிய காரியமா? பொம்மையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி படி இறங்கிக்கொண்டே இருந்தேன்.