இருநூற்றுப் பதினான்கு கையெழுத்துகள்

கோதாபாய் ஹௌத்தைக் காப்பாற்றியது வைஜயந்திதான். அலுவலகக் கோப்பிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

ஹௌத் என்றால் கல்தொட்டி. கடக்வாஸ்லா போகிற சாலையும் பைபாஸும் முட்டிக்கொள்கிற இடத்தில், இருநூறு வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு மராட்டா சர்தாரின் மனைவி கோதாபாய் வெட்டிவைத்தது. நான்கு பக்கமும் படிகள், நடுவில் பாசி பிடித்த தண்ணீர். அந்தச் சந்திப்பில் காலையும் மாலையும் வண்டிகள் நகராமல் நிற்கும். அதைத் தீர்க்க ஓர் இன்டர்சேஞ்ச் கட்டுவதென்று மேற்குச் சாலை வளர்ச்சி முகமை முடிவு செய்தது. நான்கு ராம்ப்புகள், மேம்பாலத்துக்கு ஏறி இறங்கும் சரிவுப் பாதைகள். மூன்றாவது ராம்ப் நேராக ஹௌத்தின் மேலேயே ஏறியது. வரைபடத்தில் அந்த இடத்தில் "பள்ளம், நிரப்பப்படும்" என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

வைஜயந்தி அந்த முகமையின் பாரம்பரியப் பிரிவில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். பிரிவு என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. விமான் நகர் அலுவலகத்தின் நாலாவது மாடியில் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, அதில் அவள், அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பள்ளத்தைக் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அவளுக்கு அது தெரிந்த இடம். கோயம்புத்தூரில் கட்டடக்கலை படித்து முடித்து புனேவுக்கு வந்த புதிதில், கல்யாணத்துக்கு முன்னால், இரண்டு வருஷம் அந்தத் தொட்டியை ஒட்டிய ஹௌத்வாடியில்தான் குடியிருந்தாள். சந்திரிகாவின் வீட்டு மாடியில், தகரக்கூரை போட்ட ஓர் அறை.

சந்திரிகா புனேவிலேயே பிறந்தவள். அவள் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கி ஆலைக்கு வேலைக்கு வந்தவர். புருஷன் போய்ப் பல வருஷமாகிவிட்டது. சஹானா என்று ஒரே பெண். வாசல் அறையில் மெஷினைப் போட்டு, சேலைக்கு ஃபால் தைத்து, பிகோ அடித்துக் கொடுத்துப் பிழைத்தாள். ஹௌத்வாடியில் மட்டுமில்லை, சாலைக்கு அந்தப் பக்கத்து அடுக்குமாடி சொசைட்டிகளிலிருந்தும் அவளிடம்தான் சேலை வரும்.

வைஜயந்தி ஒரு சனிக்கிழமை அவளைப் பார்க்கப் போனாள். தொட்டியைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிப்பது பற்றிப் பாரம்பரியக் குழுவின் விசாரணை மூன்று வாரத்தில் இருந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு அந்த இடத்தின் மேல் பற்று இருக்கிறது என்று காட்டினால்தான் குழு அசையும்.

"இந்தத் தொட்டிக்கா கையெழுத்து?" என்றாள் சந்திரிகா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "அது போனா நமக்கு இன்னா? கொசுதான் கம்மியாவும்."

"அது போனா அது மேல ராம்ப் வருமுங்கக்கா. உங்க சந்து வாயை அடைச்சுரும். ஆட்டோகூட உள்ள வராது. தொட்டியைக் காப்பாத்திட்டா ராம்ப் இந்தப் பக்கமே வராதுங்க."

"நெஜமாத்தானா?"

"நானே ரிப்போர்ட் எழுதறேனுங்கக்கா."

அப்போது அவள் சொன்னது பொய் இல்லை. அப்படித்தான் அவளும் நம்பினாள்.

சந்திரிகா ஒரு வேலையை எடுத்தால் விடமாட்டாள். பதினெட்டு நாள், தைத்த சேலைகளைக் கொடுக்கப் போன இடத்திலெல்லாம் தாளை நீட்டினாள். போட மாட்டேன் என்றவர்களை மறுபடி போய்ப் பிடித்தாள். டயர் கடை முகமது இஸ்மாயில், "தண்ணித் தொட்டிக்கு வக்காலத்தா?" என்று சிரித்துவிட்டு உருதுவில் போட்டுக் கொடுத்தார். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. முதல் கையெழுத்து அவளுடையது, மராட்டியில், கோணல்மாணலாக.

விசாரணை அன்று அவளே எழுந்து பேசினாள்.  நல்ல மராட்டியில், எந்த வருஷம் குழாயில் தண்ணீர் வராமல் போனது, அப்போது எத்தனை குடும்பம் இந்தத் தொட்டியை வைத்துப் பிழைத்தது என்று நிறுத்தாமல் சொன்னாள். குழுவில் இருந்த வரலாற்றுப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஹௌத் இரண்டாம் தரப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அன்று வைஜயந்தியும் அவளும் ஒரு கடையில் ஐஸ்கிரீம் மிதக்கும் மஸ்தானி சாப்பிட்டார்கள். சந்திரிகா காசு கொடுக்கவிடவில்லை. "உன் பேரு பேப்பர்ல வரும்டி," என்றாள். பேப்பரில் வந்தது சந்திரிகாவின் படம்தான்.

பத்து நாள் கழித்து, தலைமைப் பொறியாளர் ஷிரோட்கர் வைஜயந்தியைக் கூப்பிட்டார். மேஜை முழுக்க ஒரு வரைபடம் விரித்திருந்தது.

"வாழ்த்துகள் மேடம். உங்க தொட்டி பிழைச்சுது. இப்ப ராம்ப்பை எங்க கொண்டுபோறது, நீங்களே சொல்லுங்க," என்றார் மராட்டியில்.

தொட்டிக்குக் கிழக்கே ஒரு கல்யாண மண்டபம். மேற்கே ஹௌத்வாடி. புதிய கோடு மேற்கே நகர்ந்திருந்தது.

"மண்டபத்துப் பக்கம் நகர்த்தினா என்ன சார்?"

"அது பதிவான சொத்து. முதலாளி யாருன்னு உங்களுக்குத் தெரியும். வழக்குப் போட்டா ஆறு வருஷம் இழுக்கும். இந்தப் பக்கம் எல்லாம் போட்டோ பாஸ் குடிசைங்க, பத்திரம் கிடையாது. மாற்றுவீடு கொடுத்தா முடிஞ்சுது."

"இவ்வளவு தூரம் ஏன் சார் நகரணும்? தொட்டியை விட்டு விலக ஆறு மீட்டர் போதுமே."

ஷிரோட்கர் அவளுடைய அறிக்கையை எடுத்தார். பதினேழாம் பக்கத்தில் மஞ்சள் கோடு போட்டிருந்தார். சின்னத்தைச் சுற்றி எந்தக் கட்டுமானமும் இல்லாத பத்து மீட்டர் பாதுகாப்பு வளையம் அவசியம் என்று அதில் இருந்தது. அவள் எழுதியதுதான். அதற்காக மூன்று புத்தகங்களை மேற்கோள் காட்டியிருந்தாள்.

"ஆறு மீட்டர் தொட்டிக்கு, பத்து மீட்டர் உங்க வளையத்துக்கு," என்றார்.

ஆறு மீட்டரோடு நின்றிருந்தால் ஐந்து வீடுகளின் முன்சுவர் போயிருக்கும். பதினாறு மீட்டரில் முன்வரிசை முழுசும் போனது, முப்பத்தொரு வீடு. வைஜயந்தி விரலை வைத்துப் பார்த்தாள். சந்திரிகாவின் வாசல் பதினோராவது மீட்டரில் இருந்தது.

வளையத்தைக் குறைக்கலாமா என்று கேட்டாள். குறைத்தால் தூண்களுக்குப் பைலிங் அடிக்கும் அதிர்வில் படிகள் பிளந்துவிடும் என்று அதே பதினேழாம் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள். அவர் அதையும் வாசித்துக் காட்டினார். பிறகு, மாற்றிய பாதைக்குப் பாரம்பரியப் பிரிவுக்கு ஆட்சேபம் இல்லை என்று டைப் செய்த தாளை நகர்த்தினார். மார்ச்சில் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். அதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"மாற்றுவீடு பக்கத்திலேயே கிடைக்கணும்னு ஒரு வரி சேருங்க சார்."

"தாராளமா." பேனாவை எடுத்து, 'இயன்றவரை' என்ற சொல்லோடு அந்த வரியைச் சேர்த்தார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மாலை மகர்பட்டா வீட்டில் அவள் கணவன் கௌஷிக், "நீ போடலேன்னா வேற ஒருத்தர் போட்டிருப்பாங்க," என்றான். அவள் அவனிடம் எதிர்பார்த்ததும் அந்த வாக்கியத்தைத்தான். ஆனால் அவன் சொன்ன பிறகு அது உதவவில்லை.

அறிவிப்பு ஒரு மராட்டிப் பத்திரிகையின் ஒன்பதாம் பக்கத்தில், சர்வே எண்களாக மட்டும், விரல் அகலத்துக்கு வெளியானது. ஆட்சேபம் சொல்ல முப்பது நாள். ஹௌத்வாடியில் சர்வே எண் தெரிந்தவர் யாரும் இல்லை. வைஜயந்திக்குத் தெரியும். வரைபடம் ரகசியம், வெளியே சொன்னால் வேலை போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பத்திரிகையில் வந்த பிறகு அதில் ரகசியம் எதுவும் மிச்சமில்லை. போனை இரண்டு முறை எடுத்து, இரண்டு முறையும் கீழே வைத்தாள். தான் சொன்ன வார்த்தையைத் தானே திருப்பி வாங்க வேண்டியிருந்ததுதான் உண்மையான காரணம்.

பன்னிரண்டாவது நாள் சந்திரிகாவே கூப்பிட்டாள்.

"வைஜூ, சஹானாவுக்கு ஒரு எடம் வந்துக்கினு இருக்கு. மாடி ரூமுக்கு தகரத்த எடுத்துட்டு ஸ்லாப் போட்டுடலாமானு பாக்கறேன். மிஸ்திரி வந்து அளந்துட்டுப் போயிட்டான். உனக்குத்தான் கட்டட வேல தெரியும். போடலாமா?"

வைஜயந்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"இப்ப வேண்டாமுங்கக்கா. மழை முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"மழைல சிமெண்ட் புடிக்காதுன்றியா?"

"ஆமாங்க."

"சரி. நீ சொன்னா சரிதான்."

சந்திரிகாவின் காசையாவது காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பில் அன்று இரவு வைஜயந்தி தூங்கினாள். முப்பது நாளும் ஓடி முடிந்தன.

மழை நடுவில் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மறுநாள் காலை சந்திரிகா இரண்டு பஸ் மாறி விமான் நகர் அலுவலகத்துக்கு வந்தாள். சேலை முட்டிவரை நனைந்திருந்தது. கிழித்தெடுத்த நோட்டீஸை ஜெராக்ஸ் மெஷின் மேல் விரித்து வைத்தாள். தமிழ் அவளுக்குப் படிக்க வராது. மராட்டி நன்றாகவே வரும்.

"இத்த படி. இங்க."

கோதாபாய் ஹௌத்தைப் பாதுகாக்க வேண்டுமென்று உள்ளூர்க் குடியிருப்பாளர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, பாதை மாற்றியமைக்கப்படுகிறது. இணைப்பு: கையெழுத்துப் பட்டியல். முதல் பெயர் சந்திரிகா.

"நாங்க கேட்டோமாம்," என்றாள் சந்திரிகா. "எங்க வீட்ட இடிங்கன்னு நாங்களே கேட்டோமாம்."

"அக்கா, உக்காருங்க."

"மழைக்கு அப்புறம் ஸ்லாப் போடுன்னியே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வெளியே போனார். வைஜயந்தி தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சந்திரிகா நம்பியிருப்பாள், அல்லது நம்பியது போல இருந்திருப்பாள்.

"தெரியுமுங்க," என்றாள்.

சந்திரிகா தலையை ஆட்டினாள். கணக்கு சரியாக வந்துவிட்டது போல.

"முப்பது நாள் டைம் இருந்துச்சாமே. இஸ்மாயில் பாய் வக்கீல கேட்டுட்டு வந்தாரு. அந்த முப்பது நாள்ல நானு இன்னொரு எரநூறு கையெழுத்து வாங்கியிருப்பேன் வைஜூ. என்னால முடியும்னு உனக்குத்தான் நல்லாத் தெரியும்."

"நான் சொல்லியிருந்தாலும் மாறியிருக்காதுங்கக்கா."

"மாறாது. ஆனா அந்த மாறாததும் எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியில் இறங்கிப் போனாள். வைஜயந்தி லிஃப்ட்டைக் கூப்பிட்டு, லிஃப்ட் வருவதற்குள் அவள் போய்விட்டாள் என்று தெரிந்தும், அங்கேயே நின்றிருந்தாள்.

வீடுகள் போய்விட்டன. 'இயன்றவரை' இயலவில்லை, மாற்றுவீடு ஊரின் மறு கோடியில், ஹடப்சருக்கும் அப்பால், வயலுக்கு நடுவே நட்டுவைத்த ஏழு மாடிக் கட்டடத்தில் கிடைத்தது. பைலிங் அடித்த மாதமே ஹௌத்துக்குத் தண்ணீர் வரும் பழைய கால்வாய் மண்ணுக்கடியில் எங்கோ அறுந்துபோனது. வளையத்துக்குள் யாரும் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை, விதிப்படி எல்லாம் சரியாக நடந்தது. தொட்டி மட்டும் வறண்டது. ராம்ப்பின் நிழலில், பூட்டிய கம்பி வேலிக்குள், காய்ந்த படிகளில் ஒப்பந்ததாரரின் ஆட்கள் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். வைஜயந்தி இரண்டு கடிதம் எழுதினாள். திறப்பு விழாவுக்கு முன் மூட்டைகளை எடுத்துவிட்டு ஒரு பித்தளைப் பலகை வைத்தார்கள். மேடையில் அவளுக்கு ஒரு சால்வையும் தேங்காயும் கொடுத்தார்கள். ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது.

அதற்குப் பிறகுதான் அவள் மாற்றுவீட்டுக்குப் போனாள். கையில் பிரிக்காத ஆறு சேலைகள்; அதில் நான்கை இதற்காகவே வாங்கியிருந்தாள். லிஃப்ட் ஓடவில்லை. ஆறாவது மாடிக்கு ஏறும்போது, மூன்றாவது மாடியில் முகம் தெரிந்த ஒரு ஹௌத்வாடிக்காரியிடம் சந்திரிகாவின் வீடு எது என்று கேட்டாள்.

"கையெழுத்துக்காரியா?" என்றாள் அந்தப் பெண் இந்தியில். "மேலே, கடைசி. எங்க எல்லாரையும் இங்க கொண்டுவந்து போட்டவ அவதானே." வைஜயந்தியை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பேசிக்கொண்டே கதவைச் சாத்திக்கொண்டாள்.

சந்திரிகாவின் மெஷின் அடுப்பங்கரைக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்தது. மேலே துணி போட்டு மூடியிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"வாங்க," என்றாள். "ஒக்காருங்க."

பதினெட்டு வருஷத்தில் அவள் வைஜயந்தியை 'நீ' என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை.

"அக்கா, கீழ ஒருத்தர் என்னமோ சொல்றாங்க. நான்தான் கேட்டேன், நான்தான் கையெழுத்து வாங்கச் சொன்னேன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க. இல்லீன்னா நானே வீடு வீடாப் போய்ச் சொல்றேன்."

"வேணாங்க. தாள்ல இருக்கறது என் பேரு. நீங்க சொன்னாலும் நான் ஒங்களுக்குக் காசு குடுத்து சொல்ல வெச்சேன்னு சொல்லுவாங்க." சந்திரிகா சேலைகளை வாங்கி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். கரையைத் திருப்பினாள், நிறத்துக்கு நிறம் ஃபாலைப் பொருத்தி வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு சீட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"பேரு?"

வைஜயந்தி அவளைப் பார்த்தாள். சந்திரிகா சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா காத்திருந்தது.

"வைஜயந்தி," என்றாள் அவள்.

"செவ்வாக்கிழம வந்து வாங்கிக்கோங்க."

செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தது சஹானா. பேச்சு முடிவாகாமலேயே போன அந்த வரனைப் பற்றிக் கேட்க வைஜயந்திக்கு வாய் வரவில்லை. உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. சேலைகள் அழகாக மடித்து, நூல் பிசிறு எடுத்து, பையில் தயாராக இருந்தன.

"அம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க," என்றாள் சஹானா, தமிழில் சொல்லைத் தேடித் தேடி. "மகர்பட்டால... பக்கத்துலயே நல்ல கடை இருக்காம். அடுத்த தடவ... இவ்ளோ தூரம் வர வேணாமாம்."

வைஜயந்தி வாசலில் சற்று நேரம் நின்றாள். மெஷின் நிற்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு ஆறு மாடியும் இறங்கி வந்தாள்.