குழாய்க்கு இந்தப் பக்கம்

"குனி! குனிஞ்சிக்கோ!" என்று தேசிங்கு கத்தியபோது உதயா தன் தலையைப் பற்றி நினைக்கவில்லை. மடியில் கிடந்த அப்பாவின் தலையைத்தான் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். படகின் மூக்கு இரும்புக் குழாயில் 'ணங்'கென்று மோதி நின்றது.

கால்வாய்க்குக் குறுக்கே மூன்று குழாய்கள். எந்தக் கம்பெனியுடையவையோ, யார் கண்டது. மற்ற நாளில் அவற்றின் கீழே ஆள் நின்றுகொண்டே போகலாம். மூன்று நாள் மழையில் ஏறிய தண்ணீருக்கும் குழாய்க்கும் நடுவே இன்று ஒரு முழம்கூட இல்லை.

"ரோடு முழுகினா இன்னா, கால்வாய்ல தண்ணி நெறைய கீது உதயா, எங்கயும் தரை தட்டாது. அரை மணில மாமாவ ஆம்புலன்ஸ்ல ஏத்திடலாம்" என்று காலையில் முகத்துவாரக்குப்பத்தில் பெரிய கெட்டிக்காரன்போலச் சொன்னவன் அவள் புருஷன் தேசிங்குதான். பத்து வயதிலிருந்து கடலில் கிடக்கிறவன். அடியில் ஆழம் இருக்கிறதா என்று பார்ப்பானே தவிர, அண்ணாந்து பார்க்கிற பழக்கம் அவனுக்கு ஏது? கடலுக்குக் கூரையா போட்டிருக்கிறார்கள்!

போன் அடித்தது. "பாலத்தாண்டதாம்மா நிக்கிறோம். எங்க கீறீங்க?"

குழாய்க்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்! வலது கரையில் முள்காடு பாதி முழுகிக் கிடந்தது. இடது கரை முழுக்க மதில், மதில் மேல் முள்கம்பி. ஒரே ஒரு இடத்தில் படி இருந்தது. படிக்கு மேலே பூட்டிய கேட்டு. கேட்டுக்குப் பின்னால் குடை பிடித்த வாட்ச்மேன்.

"இங்க படகு கட்டக்கூடாதும்மா."

"சாவக் கெடக்குறாரு சார். கொஞ்சம் தொறந்து வுடுங்க, உங்க கால்ல வுழுறேன்."

"சாவி என்கிட்ட இல்லம்மா. உள்ளயும் இடுப்பு மட்டும் தண்ணி. நேத்துலேர்ந்து நானே ஸ்டூல் மேல நின்னுகினு கீறேன்." அந்த ஆளின் குரலும் உடைந்தது. திட்டுவதற்கு வாயெடுத்த உதயாவுக்கு இவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது.

தேசிங்கு படகைக் குழாயில் கட்டிவிட்டு வேறு வழி தேடுவதற்குள், குழாய்க்கு அடியில் நுழைந்து வந்த ஆகாயத்தாமரை படகைச் சுற்றி அடைத்துக்கொண்டது. திருப்பலாம் என்று இன்ஜினை முடுக்கினான். கொடி விசிறியில் சுற்றி, இன்ஜின் இருமிவிட்டு நின்றது. கத்தியைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் குதித்தான். முன்னால் போக முடியாது, பின்னால் போக முடியாது. சனியன் பிடித்த கால்வாய்!

"உதயா..." அப்பா சுப்புராயன் கண் திறந்தார். "திருப்பும்மா."

"கொஞ்சம் பொறுத்துக்க நைனா."

"உங்க பெரிப்பன தெருவுல போட்டாங்களே... அந்த மாரி போட்டுடப் போறாங்கோ."

குப்பத்து வழக்கம் அது. வெளியே உயிர் போனவரை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். பெரியப்பா ஆஸ்பத்திரியில் செத்துப்போய், கொட்டுகிற மழையில் தார்ப்பாய்க்குக் கீழே ராத்திரி முழுக்கத் தெருவில் கிடந்தார். அதைப் பார்த்ததிலிருந்து சுப்புராயனுக்குச் சாவைவிடத் தெரு மேல்தான் பயம். இன்று காலையிலும் நெஞ்சுவலியோடு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றவரை விரலைப் பிரித்து இழுத்து வந்தவள் உதயாதான்.

"உன்ன வூட்டுக்கு இட்டுகினு போறேன் நைனா. என் புள்ள மேல சத்தியம்" என்றாள்.

அவர் தலையசைத்தமாதிரிதான் இருந்தது. தேசிங்கு கடைசிக் கொடியை அறுப்பதற்குள் மடியில் இருந்த தலை கனத்துவிட்டது.

உதயாவுக்கு அடிவயிற்றிலிருந்து அலறல் கிளம்பியது. முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். நான்தானே ஏற்றினேன், நான்தானே விரலைப் பிரித்தேன் என்று மனசு அடித்துக்கொண்டது. பல்லுக்கு நடுவே துணி நனைந்தது.

படகில் ஏறிய தேசிங்கு பார்த்தான். "மாமா!" என்று வாயைத் திறந்தான்.

"கத்தாதய்யா. இன்னும் போவல."

"உதயா..."

"போவல்லன்றேன்ல."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். பிறகு கயிற்றை அவிழ்த்தான். போன் மறுபடியும் அடித்தது. "வேணாம் சார், வலி கொறைஞ்சிட்ச்சு, வூட்டுக்கே இட்டுகினு போறோம்" என்றாள் உதயா. குரல் பிசிறாமல் வந்ததே, அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

அரை மணி நேரம். அப்பாவின் கண்ணை மூடிவிட்டு, மழை முகத்தில் படாமல் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டே வந்தாள். கண்ணீர் விட்டால் கண் சிவக்கும், சிவந்தால் கேட்பார்கள் என்று அழவும் இல்லை.

குப்பத்துக் கரையில் கூட்டம். ஊர்த் தலைவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தார். "இன்னாம்மா ஆச்சு? போன வேகத்துல திரும்பிட்டீங்கோ?"

உதயா அப்பாவின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பொய்யை இங்கே, இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? பின்னாலிருந்து தேசிங்கின் குரல் ஊருக்கே கேட்டது. "மாமா, கொஞ்சம் பொறுத்துக்க. வூடு வந்துட்ச்சு. தோ, தூக்கிடுவாங்கோ."

நாலு பேர் கை கொடுத்தார்கள். தலைவர் காலைப் பிடித்தார். பெரியப்பாவை உள்ளே விடாமல் வாசலில் நின்று தடுத்தவரும் அவர்தான். பாதத்தைத் தொட்ட கை ஒரு கணம் அப்படியே நின்றது. தலைவர் தன் தோள் துண்டை எடுத்து அந்தக் காலை இழுத்துப் போர்த்தினார்.

"குளிருதுப்பா அவருக்கு" என்றார். "சீக்கிரம் உள்ள இட்டுகினு போங்க."

கட்டிலில் கிடத்தினார்கள். வாசலை அடைத்துக்கொண்டு ஜனம் நின்றது. அம்மா மங்கம்மா டம்ளரும் கரண்டியுமாக வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். வெந்நீரை ஊதி, உதட்டைப் பிரித்து ஊற்றினாள். தண்ணீர் கடைவாய் வழியாக இறங்கிக் காதுக்குள் ஓடியது. அம்மா உதயாவைப் பார்க்கவில்லை. முந்தானையால் காதைத் துடைத்தாள். இன்னொரு கரண்டி ஊற்றினாள். அதையும் துடைத்தாள்.

"ரெண்டு வாய் குட்ச்சாரு" என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த கரண்டியை எடுத்து ஊத ஆரம்பித்தாள்.