சல்லடைக்குக் கீழே ஒரு கங்காணி

உலகத்தில் இதுவரை நடந்த பெரும்போர்கள் எல்லாம் ஆயுதத்தால் அல்ல, தேர்வால்தான் தீர்மானிக்கப்பட்டன என்பது பாண்டித்துரையின் முடிவு. யாரை அனுப்புவது, அவன் கையில் எதைக் கொடுப்பது என்று முதலில் உட்கார்ந்து யோசிக்கிறவனே வெல்கிறான். குமுளி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் நின்று அவன் இதைச் சொன்னபோது, அவனுடைய அணி தொடர்ந்து ஏழாவது முறையாகத் தோற்று இருபது நிமிடம் ஆகியிருந்தது.

போர் கைபேசியில் நடப்பது. ஐந்து பேருக்கு ஐந்து பேர், ஆளுக்கொரு ஹீரோ. நடுவில் காடும் மூன்று பாதைகளும், இரண்டு முனையிலும் இரண்டு கோட்டைகள். எதிரியின் கோட்டையை முதலில் இடிப்பவர்களுக்கு வெற்றி. சண்டையில் கிடைக்கும் தங்கத்தைக் கொண்டு கோட்டைக்குள் இருக்கும் கடையில் செருப்பு, கத்தி, கவசம் எல்லாம் வாங்கிக்கொள்ளலாம். எல்லையின் இரண்டு பக்கமும் இளைஞர்கள் இதில் ஆழ்ந்திருந்தார்கள். பாண்டித்துரைக்கு முப்பத்திரண்டு வயது என்பதால் அவன் ஆழ்ந்திருந்ததை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டான்.

அணிக்கு ‘ஹைரேஞ்ச் வேங்கைகள்’ என்று பெயர். வாட்ஸ்அப் குரூப்பை ஆரம்பித்தவன் என்ற முறையில் பாண்டித்துரை கேப்டன். வேலை, ஏலக்காய் வியாபாரி ஒருவரின் ஆளாக ஏல மையத்தில் உட்காருவது. திரையில் ஒவ்வொரு குவியலாக வரும். காதில் மாட்டிய ஹெட்போனில் முதலாளி ‘அடி’ என்றால் அடிப்பான், ‘விடு’ என்றால் விடுவான். ஒன்பது வருடத்தில் அங்கே அவனாக எடுத்த முடிவு, மதியம் சோறா பரோட்டாவா என்பது மட்டும்தான். ஆனாலும் ஏலத்தின் சூட்சுமம் முழுக்கத் தன் விரலில் இறங்கிவிட்டதாக அவன் நம்பினான். விரலில் உண்மையிலேயே ஒன்று இறங்கியிருந்தது. மையத்தில் நெட் இழுக்கும். ஒருமுறை அழுத்தினால் போய்ச் சேரலாம், சேராமலும் இருக்கலாம். அதனால் அங்கே உட்காருகிற அத்தனை பேரும் மௌஸை இரண்டு முறை அழுத்துவார்கள். டக், டக். காலையிலிருந்து மத்தியானம் வரை அந்தக் கூடத்தில் வேறு சத்தம் கிடையாது.

ஹீரோக்களையும் அவன் ஏலக்காயைப் போலவே தரம் பிரித்திருந்தான். நாற்பத்தாறு ஹீரோக்களையும் சலித்து, காயின் பருமனுக்குச் சொல்லும் மில்லிமீட்டர் கணக்கிலேயே எட்டு மில்லி, ஏழு மில்லி, ஆறு மில்லி என்று பட்டியல் போட்டு, அதற்கு விளக்கமாக நாற்பத்தோரு நிமிட வாய்ஸ் நோட் ஒன்றும் குரூப்பில் போட்டான். எட்டு மில்லியில் முதலில் நின்றது வாள்காரன். அது அவன் எப்போதும் எடுக்கும் ஹீரோ. எந்தச் சல்லடையிலும் நிற்காமல் அடியில் விழுந்தது ஒன்றே ஒன்று. விளையாட்டில் அதற்கு மலையரசன் என்று பெயர். எஸ்டேட் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கையில் தடி, தலையில் தொப்பி. தானாகப் போய் யாரையும் அடிக்காது. நின்ற இடத்தில் நிற்கும், பக்கத்தில் இருப்பவர்கள் வேகமாக வேலை செய்வார்கள். முதல் நாளே கங்காணி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“கங்காணி நிக்கும். வேற என்ன செய்யும்?” என்று வாய்ஸ் நோட்டின் முப்பதாவது நிமிடத்தில் பாண்டித்துரை கேட்டிருந்தான். “நிக்கிறதுக்கு எதுக்குய்யா ஒரு ஹீரோ? நம்ம எஸ்டேட்ல நிக்கிறதுக்கு ஆள் இல்லாமயா கெடக்கு? நான் அத எல்லா விதத்துலயும் ஆடிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

இதை முழுதாகக் கேட்டது அணியில் பின்சி மட்டும்தான். ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிற வேலை அவளுக்கு. கைக்குத்தான் வேலை, காது சும்மாதான் இருக்கும். ஆட்டத்தில் அவள் எடுப்பது வைத்தியம் பார்க்கும் ஹீரோ. அதற்கு இங்கே நர்ஸம்மா என்று பெயர். வாய்ஸ் நோட்டைக் கேட்டு முடித்துவிட்டு அவள் இரண்டு வரி எழுதினாள்: “அண்ணே, போன அப்டேட்ல கங்காணிக்கு உயிர் கூட்டியிருக்காங்க. வாள்காரனுக்குக் கொறச்சிருக்காங்க.”

வாள்காரனுக்குக் குறைத்ததில் பாண்டித்துரைக்கும் சம்பந்தம் இருந்தது. அவன் பலத்தைக் கூட்டச் சொல்லி விளையாட்டுக் கம்பெனிக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலின் படம்தான் இப்போது குரூப்பின் முகப்புப் படம். அடுத்த அப்டேட்டில் கம்பெனி வாள்காரனின் பலத்தைக் குறைத்துவிட்டது.

“எப்படியோ நம்ம லெட்டர் அவங்கள யோசிக்க வச்சிருச்சு பாத்தியா,” என்றான் பாண்டித்துரை.

ஏழாவது தோல்விக்குப் பிறகு டிஜோ குரூப்பில் எழுதினான். அவன் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவன், அணியின் வில்லாளி. “எட்டாவதும் தோத்தா கேப்டன் பின்சி. சம்மதமா?” ஜின்சனும் செல்வலட்சுமியும் உடனே கட்டைவிரலைத் தூக்கினார்கள். அணியில் மிச்சம் இருப்பதே அவர்கள்தான். பாண்டித்துரையும் பெருந்தன்மையாகச் சம்மதித்தான். சம்மதித்த பிறகுதான் எட்டாவது ஆட்டம் கம்பத்து அணியோடு என்று தெரிந்தது. கம்பத்துக்காரர்கள் அந்த வருடம் யாரிடமும் தோற்கவில்லை.

பள்ளிப் பெருநாளை, அதாவது சர்ச் திருவிழாவை ஒட்டி இளைஞர் சங்கம் கோப்பை வைத்து நடத்திய ஒற்றை ஆட்டப் போட்டி அது. ஞாயிறு மதியம், பள்ளிக்குப் பக்கத்து ஹாலில். குர்பானா பூசை முடிந்து வெளியே வந்தவர்களில் பாதிப்பேர் பிரியாணிக்காக நின்று, பிரியாணி முடிந்தும் நின்றார்கள். மேடையில் புரொஜெக்டர், ஒரு லேப்டாப், ஒரு மைக். மைக் யாக்கோபு சேட்டன் கையில். பள்ளியில் கல்யாண அறிவிப்பு, காணாமல் போன குடை, ஞாயிறு வகுப்புக்கு வராத பிள்ளைகளின் பெயர் எல்லாவற்றையும் வாசிப்பவர் அவர். அவரிடம் எதைக் கொடுத்தாலும் ஒரு வரி விடாமல் ஒரே குரலில் வாசிப்பார். ஆட்டத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

கம்பத்து அணி பஸ்ஸில் மலை ஏறி வந்திருந்தது. ஒருவன் வளைவுகளில் வாந்தி எடுத்து வெளுத்திருந்தான். அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு பாண்டித்துரை தன் ஆட்களைக் கூட்டினான்.

“இன்னைக்கு ஏல முறை,” என்றான். “ஒரு ஹீரோவ ஒரு டீம் எடுத்துட்டா இன்னொரு டீம் எடுக்க முடியாது. அவய்ங்க கண்ணு நம்ம வாள்காரன் மேலதான் இருக்கும். நான் மொதல்ல கங்காணியக் காமிப்பேன். ‘என்னடா இது, கங்காணியக் கேக்குறானே, ஏதோ விசயம் இருக்கு’ன்னு அவய்ங்க பாஞ்சு அத எடுப்பாய்ங்க. வாள்காரன் நமக்கு. வேணாத குவியல ரெண்டு தடவ கேட்டு விட்டா, எதிராளி தலையில கட்டிரலாம். ஒம்பது வருசமா இதான என் வேல.”

“முதலாளி சொன்னாத்தான கேப்பீங்க?” என்றான் டிஜோ.

“விரல் யாருது?”

“விரல் ஒங்களுதுதாண்ணே.”

“அண்ணே, பொருள் என்ன வாங்கணும்?” என்று பின்சி கேட்டாள்.

“எல்லாரும் ரத்தக் கத்தி. மொதல்ல கத்தி, அப்புறந்தான் மத்ததெல்லாம்.”

“நர்ஸம்மாவுக்கு எதுக்குண்ணே கத்தி? நான் காவல் விளக்கு வாங்கிக் காட்டுக்குள்ள வச்சா அவய்ங்க வர்றது தெரியும்.”

“வெளக்கு வச்சு யாரும் போர்ல ஜெயிச்சதில்ல.”

பாண்டித்துரை மேடைக்குப் போனதும் டிஜோ பின்சியிடம் சாய்ந்தான். “ஏ புள்ள, இன்னைக்குத் தோத்தா நீதான் கேப்டன். கொஞ்சம் மெதுவா வைத்தியம் பாரேன்.”

“தோத்து வர்ற கேப்டன் பதவிய நீயே வச்சுக்க,” என்றாள் பின்சி.

ஆட்டம் அவரவர் கைபேசியில். ஹீரோக்களைத் தேர்ந்தெடுப்பது மட்டும் கேப்டன்கள் மேடையிலிருந்த லேப்டாப்பில், கூட்டம் பார்க்க. கைபேசியில் ஒரு ஹீரோவைத் தொட்டால் அது காட்டுவதற்கு; பிறகு மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப்பில் ஒருமுறை அழுத்தினால் காட்டும், அதன் மேலேயே மறுபடி அழுத்தினால் உறுதியாகிவிடும். இதைச் சங்கத்துப் பையன் ஒருவன் விளக்கினான். பாண்டித்துரை தலையாட்டினான். மௌஸைக் கையில் வாங்கியதும் முதுகு தானாக நிமிர்ந்தது. கண் திரையில் பதிந்தது. கங்காணியின் படத்துக்கு அம்பைக் கொண்டுபோனான்.

டக், டக்.

அழுத்திவிட்டு, மையத்தில் செய்வதுபோலவே கையை மடியில் வைத்துக்கொண்டு, எதிராளி கூட்டிக் கேட்பதற்காகக் காத்திருந்தான். யாரும் கூட்டிக் கேட்கவில்லை. திரையில் கங்காணி தொப்பியைச் சரிசெய்துகொண்டு பாண்டித்துரையின் பெயருக்குக் கீழே வந்து நின்றது. கம்பத்துக் கேப்டன் ஒரு நொடி திரையைப் பார்த்தான், ஒரு நொடி பாண்டித்துரையைப் பார்த்தான், பிறகு வாள்காரனை எடுத்துக்கொண்டான்.

மற்ற நால்வருக்கும் வழக்கமான ஹீரோக்களை எடுத்துக்கொடுத்துவிட்டு இறங்கி வந்த பாண்டித்துரையின் நெற்றியில் வேர்வை இருந்தது. “பிளான் மாத்திட்டேன்,” என்றான்.

டிஜோ ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

“நல்லதுண்ணே,” என்றாள் பின்சி. “நீங்க நடுப்பாதையில நில்லுங்க. நாங்க ஒங்களச் சுத்தி இருக்கோம்.”

ஆட்டம் தொடங்கியது. முதல் சில நிமிடங்கள் கங்காணியைக் களத்தில் காணவில்லை. அது கடைக்குள் நின்றது. பெரிய திரையில் கடையின் கதவும் தொப்பியின் நுனியும் தெரிந்தன. பாண்டித்துரை புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு பொருளாகத் திறந்து வாசித்தான். பிறகு கங்காணியின் திறமைகளைத் திறந்து வாசித்தான். பிறகு மறுபடி பொருள்களுக்குப் போனான். ஆழ்ந்த திட்டம் என்று கூட்டம் நினைத்தது. அதற்குள் வேங்கைகள் இரண்டு காவல் கோபுரங்களை இழந்திருந்தார்கள்.

“அண்ணே, முள்ளுச் சட்ட வாங்கிட்டு வெளிய வாங்க,” என்றாள் பின்சி, தலையைத் தூக்காமல். “அடிக்கிறவனுக்கே திருப்பி வலிக்கும்.”

“அதத்தான் பாத்துட்டு இருக்கேன்.”

கங்காணி முள்ளுச் சட்டையோடு வெளியே வந்து நடுப்பாதையில் நின்றது. கம்பத்து வாள்காரன் பாய்ந்து வந்து வெட்டினான். கங்காணி நின்றது. மற்ற நால்வரும் வந்து வெட்டினார்கள். பயத்தில் பாண்டித்துரையின் கட்டைவிரல் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. அதனால் கங்காணி அப்போதும் நின்றது. பின்சி பின்னாலிருந்து வைத்தியம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் நின்ற டிஜோவின் வில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. கம்பத்துக்காரர்கள் காட்டு வழியாகச் சுற்றி வந்து பின்சியைப் பிடிக்கப் பார்த்தபோது அவள் வைத்திருந்த விளக்கில் மூன்று பேரும் அப்படியே தெரிந்தார்கள். ஜின்சனும் செல்வலட்சுமியும் அங்கே காத்திருந்தார்கள்.

“அண்ணே, ரெண்டடி முன்னாடி.”

கங்காணி இரண்டடி முன்னால் போய் நின்றது.

“இன்னும் ரெண்டடி.”

இப்படி இரண்டிரண்டு அடியாக வேங்கைகள் கம்பத்துக் கோட்டைவரை போனார்கள். இருபத்து மூன்றாவது நிமிடத்தில் கோட்டை இடிந்தது.

எட்டாவது ஆட்டத்தில்தான் அணிக்கு முதல் வெற்றி என்பதால், அதை எப்படிக் கொண்டாடுவது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. டிஜோ ஜின்சனைத் தூக்கி உடனே இறக்கிவிட்டான். கம்பத்துக் கேப்டன் வந்து பின்சிக்குக் கை கொடுத்தான், பிறகு பாண்டித்துரையிடம், “வாள்காரன எங்களுக்கு வேணும்னே விட்டீங்களாண்ணே?” என்று கேட்டான். அந்தக் கேள்வியில் பாண்டித்துரை நிமிர்ந்தான்.

யாக்கோபு சேட்டன் பாண்டித்துரையிடம் கோப்பையைக் கொடுத்துவிட்டு மைக்கை நீட்டினார். கேப்டன் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்பது வழக்கம்.

“எல்லாருக்கும் வணக்கம்,” என்று பாண்டித்துரை ஆரம்பித்தான். “போர்ங்கிறது தேர்வுதான். கங்காணியச் சல்லடைக்குக் கீழ போட்டது நான்தான். ஏன் போட்டேன்? எதிராளி அத நம்பணும்ல. மூணு மாசமா யாருக்கும் தெரியாம, வீட்டுக் கதவச் சாத்திட்டு, கங்காணிய மட்டுமே ஆடிப் பழகினேன். என் டீமுக்கே சொல்லல. பின்சிக்குக்கூடத் தெரியாது. இல்லியா பின்சி?”

“தெரியாதுண்ணே,” என்றாள் பின்சி.

“முந்நூறு ஆட்டமாவது ஆடியிருப்பேன். கேப்டன்னா அப்படித்தான் இருக்கணும். அடுத்த வருசத்துக்கும் நானே...” கைதட்டல் எழுந்தது. பிரியாணிப் பந்தலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்களும் எட்டிப் பார்த்துத் தட்டினார்கள். பாண்டித்துரை மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, படத்துக்காக நின்றான்.

சங்கத்துப் பையன் லேப்டாப்பில் ஆட்டத்தின் முடிவுப் பக்கத்தைத் திறந்தான். அது புரொஜெக்டரில் சுவர் அளவுக்கு விரிந்தது. யாக்கோபு சேட்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காணாமல் போன குடையை வாசிக்கும் அதே குரலில், மேலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்து வந்தார். பின்சி, காப்பாற்றிய உயிர் பதினாறு. டிஜோ, வீழ்த்தியது பதினொன்று. ஜின்சன், செல்வலட்சுமி. கடைசியாக ஐந்தாவது பெயர்.

“பாண்டித்துரை. மலையரசன். வீழ்த்தியது பூஜ்யம். கடைக்குள் இருந்த நேரம் ஆறு நிமிடம். இந்த ஹீரோவுடன் இதுவரை ஆடிய ஆட்டங்கள், ஒன்று.”