ஒரு விரல் இடைவெளி

அந்த வாரம் முழுக்க ஜெயக்கொடிக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உலை வைத்துவிட்டுக் கையை மடக்கி மடக்கிப் பார்ப்பாள். துணி காயப்போடப் போனவள் சுவரைப் பார்த்து ஒரு குத்து விடுவாள். கறுப்பு பெல்ட் வாங்கிய கை அது. கணபதி என்னும் பகுதியில், கிறிஸ்தவப் பங்குக் கோயில் ஹாலில், வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கு மாலையில் கராத்தே சொல்லித்தரும் கை. அந்தக் கைதான் ஞாயிற்றுக்கிழமை பேக்கரி வாசலில் அவள் மானத்தை வாங்கிவிட்டது.

நடந்தது இதுதான். அவளிடம் கராத்தே படிக்கும் கரோலின் டீக்கு நின்றபோது, மஞ்சள் பனியன் போட்ட ஒருவன் அவள் இடுப்பில் கை வைத்தான். பக்கத்தில் நின்ற ஜெயக்கொடி பாய்ந்து அவன் மூக்குக்கு நேராகக் குத்தினாள். போன வேகத்துக்குப் பல் உதிர்ந்திருக்க வேண்டும். ஆனால் மூக்குக்கு ஒரு விரல் முன்னால் கை தானாக நின்றுவிட்டது. பாவம், கை என்ன செய்யும்? எதிரே நிற்பவர் மேல் படாமல் நிறுத்து, நிறுத்து என்றுதான் வருடக்கணக்காக அதைப் பழக்கி வைத்திருக்கிறாள். அவன் வெளிறிப்போய்க் கையை எடுத்தான். அடி விழவில்லை என்று தெரிந்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டீச்சருக்குக் கரண்ட் போயிருச்சாட்ட இருக்குதுங்கோ!" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நடந்தான்.

அதை யாரோ போனில் பிடித்துத் தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? காய்கறிக் கடையில்கூட அவளைக் கண்டதும் பேச்சு நின்றது.

"உடு அம்மணி. நீ குத்துனதும் அவன் கையை எடுத்துட்டானல்லோ, அது போதாதா?" என்றார் அவள் கணவர் சின்னப்பராஜ், சாப்பிட்டுக்கொண்டே. அதில் நியாயம் இருந்தது. அதனாலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"பாதிப் பேரு கிளாஸுக்கு வாரதில்லைங்க. அடிக்கத் தெரியாதவகிட்ட என்ன படிக்கறதுங்கறாங்க."

வராதவர்களில் செவ்வந்தி இல்லை. காரமடையில் புருஷனின் அடி தாங்காமல் இங்கே வந்து, ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். வகுப்புக்கு வந்த புதிதில், ஜெயக்கொடி முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாலே கண்ணை இறுக மூடித் தோளைக் குறுக்கிக்கொள்வாள். நிற்பதையும் தடுப்பதையும் சொல்லித்தருவதற்கு முன்னால், கண்ணைத் திறந்து வைப்பதைச் சொல்லித்தர வேண்டியிருந்தது. முகத்துக்கு நேராகக் குத்து வரும், நிற்கும். மறுபடி வரும், மறுபடி நிற்கும். மாதக்கணக்கில் அதே வேலை. ஒரு மாலை செவ்வந்தி இமைக்கவில்லை. அன்று ஜெயக்கொடி வீட்டுக்குப் போய்ச் சந்தோஷத்தில் அழுதாள்.

வகுப்பில் வீடியோவைப் பற்றி அவளிடம் நல்லபடியாகப் பேசியவளும் செவ்வந்தி ஒருத்திதான். "உங்க கை நிக்கும்னு எனக்குத் தெரியுங்கக்கா. சிரிக்கறவங்க சிரிச்சுட்டுப் போறாங்க."

ஜெயக்கொடிக்கு அது ஆறுதலாகவே இல்லை. இந்தக் கைக்கு நிஜமாகவே அடிக்கத் தெரியுமா, தெரியாதா? அந்தக் கேள்வி செருப்புக்குள் விழுந்த கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை அந்த மஞ்சள் பனியன்காரனே வந்தான். முழங்காலை மடக்கி, காலை அகட்டி, பெண்கள் குதிரை நிலையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் செருப்போடு ஹாலுக்குள் நுழைந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவளுக்கு முன்னால் முகத்தை நீட்டினான்.

"அடிங்க டீச்சர். நான் கையைக் கட்டிட்டுத்தான் நிக்கறேன். இன்னைக்காவது கரண்ட் இருக்குதான்னு பாக்கலாம்."

போடா வெளியே என்று சொல்லியிருக்கலாம். ஆலய வேலையாளைக் கூப்பிட்டிருக்கலாம். முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது என்று தினமும் வகுப்பை முடிக்கிறவளும் அவள்தான். எல்லாம் நினைவுக்கு வந்தது. வந்தும் குத்தினாள்.

கை நிற்கவில்லை. மஞ்சள் பனியனில் ரத்தம் சொட்டியது. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான். பெண்கள் கை தட்டினார்கள், கரோலின் விசிலடித்தாள். பொய் சொல்வானேன், ஜெயக்கொடிக்கு உடம்பெல்லாம் இனித்தது. அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை ஹால் நிறைந்திருந்தது. வராமல் நின்றுபோனவர்கள் திரும்பி வந்திருந்தார்கள், புது முகங்களும் இருந்தன. "அடியாத மாடு படியாதுங்க, டீச்சர்!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ஜெயக்கொடியும் சிரித்தாள். புதியவர்களுக்கு முதலில் எதைக் காட்டுவது என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"குத்து வாரப்ப கண்ணைத் தொறந்து வெச்சுட்டு நிக்கோணும். மத்ததெல்லாம் அப்புறந்தான். செவ்வந்தி, இங்க வா கண்ணு. இவளைப் பாருங்க எல்லாரும்."

செவ்வந்தி முன்னால் வந்து நின்றாள். இருவரும் குனிந்து வணங்கிக்கொண்டார்கள். ஜெயக்கொடி விரல்களை மடக்கிக் கையை இடுப்புக்கு இழுத்தாள்.

குத்து கிளம்பவே இல்லை. அதற்குள் செவ்வந்தியின் கண்கள் மூடிக்கொண்டன. தோள் குறுகியது.

"செவ்வந்தி, நாந்தான்."

"தெரியுங்கக்கா. கண்ணைத் தொறக்கோணும்னுதான் பாக்கறேன். ஒடம்பு கேக்க மாட்டீங்குது." குரல் மெல்லியதாக வந்தது. "அன்னைக்கு அவன் கையைக் கட்டிட்டுத்தானுங்க நின்னான். ஊட்டுல நானும் அப்படித்தானுங்க நிப்பேன்."



"கொஞ்சம் இருங்கக்கா, தொறந்தர்றேன்," என்றாள் செவ்வந்தி. இமைகள் நடுங்கின, திறக்கவில்லை.

ஜெயக்கொடி மடக்கிய விரல்களை விரித்தாள். அந்தக் கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.