விலாவுக்குள் பனி

எர்மெக் ஈரத்துணியால் அண்ணன் குபாத்தின் இடது விலாவைத் துடைத்தபோது தோலுக்கடியில் ஏதோ நறநறத்தது. புதுப்பனியை மிதித்தால் கேட்குமே, அதே சத்தம். கையை எடுத்தான். மறுபடி வைத்தான். மறுபடியும் நறநறத்தது. செத்தவன் உடம்பில் இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்று குனிந்து பார்த்தான்.

"என்னடா நிறுத்திட்ட?" என்றார் தண்ணீர் ஊற்றிய சித்தப்பா ஜுமாஷ்.

"ஒண்ணுமில்ல சித்தப்பா. தண்ணி சுடுது."

தண்ணீர் ஆறிப்போயிருந்தது. சித்தப்பா அவனையே ஒரு கணம் பார்த்துவிட்டுச் செம்பைச் சாய்த்தார்.

நுரையீரலிலிருந்து கசிந்த காற்று அது. எர்மெக்குக்குத் தெரியும். இருவருக்கும் ஒரே ஒட்டடைக்குச்சி உடம்பு, ஒரே நோய். நுரையீரலில் காற்று கசிந்து அது திரும்பத் திரும்பச் சுருங்கியதால், போன வருஷம் தலைநகர் பிஷ்கெக்கில் இருவருக்கும் அறுவை செய்து அதை விலாவோடு ஒட்டவைத்தார்கள். திரும்ப வருவது அபூர்வம், ஆனால் வராது என்று சொல்லமாட்டேன் என்றார் டாக்டர். அம்மா குல்சுன் ஆடு அறுத்து விருந்து வைத்து, முதல் பாதியை மட்டும் ஊருக்கெல்லாம் சொன்னாள். நேற்று மேய்ச்சல் மலையில் குபாத் குதிரையிலிருந்து இறங்கி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கீழே கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வெள்ளைத்துணி சுற்றியானதும் எர்மெக் துக்க வழக்கப்படி இடுப்பில் துண்டைக் கட்டி, கோலை ஊன்றி, கம்பளிக் கூடாரத்துக்கு வெளியே ஆண்களோடு நின்றான். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. துக்கத்துக்கு வருபவர்கள் தூரத்திலிருந்தே கதறிக்கொண்டு வருவார்கள். வெளியே நிற்பவர்கள் பதிலுக்குக் கதறவேண்டும். கூடப்பிறந்தவன் குரல் முந்தவேண்டும்.

முதல் குதிரைகள் பாலத்தைத் தாண்டின. கதறல் வந்தது. எர்மெக் மூச்சை ஆழ இழுத்தான்.

"என் ஈரக்கொலையே, அண்..."

இடது விலாவில் சுருக்கென்று குத்தியது. குரல் பாதியில் அறுந்தது.

"சத்தமா அழுடா. ஊரு பாக்குது," என்று சித்தப்பா முணுமுணுத்தார்.

கூடாரத்துக்குள் அம்மாவின் ஒப்பாரி நின்றுவிட்டது. மற்றவர்கள் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். கம்பளிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், அவள் இவன் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

எர்மெக் கோட்டுக்குள் கையை விட்டு, அண்ணனுக்கு நறநறத்த அதே இடத்தில் தன் விலாவை மெல்ல அழுத்தினான்.