நீல வாளி வந்த வீடுகள்

"கோர்ட்டுல போய் நம்ம வீட்டு சமாசாரத்தை எல்லாம் கொட்டப்போறீங்களா அண்ணி? பொண்ணு கல்யாணம் நின்னுபோனா யாரு பொறுப்பு?"

நாத்தனார் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது. மற்ற ஜன்னல்கள் ஏற்கெனவே திறந்துதான் இருந்தன.

"கொட்டுறதுக்கு நீ எதை மிச்சம் வெச்சிருக்க?" என்றாள் தையல்காரி, மெஷினை மிதிப்பதை நிறுத்தாமல்.

சங்கதி தெருவுக்கே தெரியும். மகளைப் பெற்ற கையோடு, வயிற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் தையல்காரிக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டார்கள். அன்றைய சட்டப்படி டாக்டர் நினைத்தால் போதும். இல்லாதப்பட்டவளிடம் சம்மதம் கேட்கவே வேண்டாம். கையில் மூடி போட்ட நீல வாளி ஒன்றையும் கொடுத்து அனுப்பினார்கள். பிரசவப் பரிசு என்று நினைத்து அதைத் தெருமுனைவரை தூக்கிக் காட்டியவள் இதே நாத்தனார். அடுத்தது ஏன் இல்லை என்று குத்திக் காட்டியதும் அதே வாய்தான். வேறொரு டாக்டர் உண்மையைச் சொன்ன பிறகு அந்த வாய் சில நாள் மூடியிருந்தது.

இப்போது நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டது. பெண்ணின் சம்மதம் இல்லாமல் யாரும் கை வைக்கக்கூடாது. புருஷன் தலையாட்டினாலும் செல்லாது. பாதிக்கப்பட்டவர்கள் வந்து சாட்சி சொல்லலாமாம். தையல்காரி போவதாக முடிவு செய்துவிட்டாள். ஆனாலும், மகளுக்குப் பேசி முடித்த இடம் தட்டிப்போய்விடுமோ என்ற பயமும் இருந்தது.

சாயங்காலம் சம்பந்தியம்மா வந்து நின்றாள். பேக்கரியில் மாவு பிசைகிறவள். முழங்கை மாவைக்கூடத் துடைக்காமல் வந்திருந்தாள். நாத்தனார், நான் சொன்னேனா இல்லையா என்று கண்ணாலேயே கேட்டாள்.

நாற்காலி முழுக்கத் தைத்த துணி. பதற்றத்தில் தையல்காரி, வெட்டுத்துணி போட்டுவைக்கும் நீல வாளியை மூடியோடு இழுத்துப் போட்டாள். சம்பந்தியம்மா உட்காரவில்லை. வாளியையே பார்த்தாள்.

"இது ஏது?"

"அந்த ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு மட்டும் ஆஸ்பத்திரியில கொடுத்தது."

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. மாவு கொட்டி வெச்சிருக்கேன்." வாளியின் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். "எங்க பையனுக்கு அப்புறம் எனக்கு உண்டாகவே இல்லை. மாமியார் என்னைத்தான் சொன்னாங்க. நானும் என்னைத்தான் நொந்துக்கிட்டேன்."

தையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாவு ஒட்டியது.

"கோர்ட்டு வேணாம், இல்லேன்னா கல்யாணம் வேணாம்னு சொல்லத்தான் வந்தேன்."

"இப்போ என்ன சொல்றீங்க?"

"அந்த டாக்டர்கிட்ட என்னையும் கூட்டிட்டுப் போங்க சம்பந்தி. அப்புறம் சேர்ந்தே கோர்ட்டுக்குப் போகலாம்."

தையல்காரி வாளிமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். பல நாளாக அடைத்துக் கிடந்த மூச்சு சிரிப்பாகத்தான் வெளியே வந்தது.

இருவரும் சாட்சி சொன்னார்கள். மகள் கல்யாணமாகி பேக்கரிக்கு மேல்வீட்டில் குடியேறினாள். அவள் பிரசவத்தின்போது, கருத்தடை ஆபரேஷன் செய்யலாமா என்று டாக்டர் அவளையே கேட்டார், வேண்டாம் என்றாள், அத்தோடு பேச்சு முடிந்தது. நாத்தனார் தன் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவர்களைத் தைரியம் சொல்லிக் கோர்ட்டுக்கு அனுப்பியதே தான்தான் என்று அங்கே சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.