சுண்ணாம்புக்கு அடுத்தது பட்டை

1

ஒரு தோட்டக்கலைக் கையேட்டைப் படித்தபோது வந்த கோபத்தில் பிறந்தது இந்தக் கதை. அழகுக்காகத் தோட்டங்களிலும் பூங்காக்களிலும் வைக்கிற குட்டை ஓக் மரத்தைப் பற்றி அதில் இரண்டு பக்கம். யார் கொண்டுவந்தார், யார் நட்டார், எல்லாம் இருந்தது. தண்ணீர் ஊற்றியவர் பெயர் மட்டும் இல்லை. கடைசியில் ஒரு எச்சரிக்கை: இந்த மரத்துக்குச் சுண்ணாம்பு ஆகாது. எனக்கு உடனே ஆம்பூர் ஞாபகம் வந்தது. தோல் பதனிடச் சுண்ணாம்பைக் குழி குழியாகக் கரைத்து வைத்திருக்கும் ஊர் அது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1928ஆம் வருஷம், ஓர் இளங்காலையில், துரைசானியின் மென்மையான கரங்கள் அந்தச் செடியை—"

அடித்துவிட்டேன். அந்தக் கரங்களைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள்.

அடுத்தது: "அமிர்தவள்ளி ஏழை, ஆனால் நல்லவ—"

இதையும் அடித்தேன். அவள் நல்லவளா என்று எனக்கே இன்னும் தெரியாது. தோல் பதனிடும் டேனரியில் பட்டை அலசுகிறவள், முப்பது வயது, வாய் ஜாஸ்தி. மத்தியானத்துக்கு மேல், துரைசானி ஓக் நட்ட பூங்காவில் சருகு கூட்டுகிறாள். டேனரி ஆட்கள் எருவண்டி போகிற பின்கேட் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். முன்கேட், நாற்றமில்லாத மனிதர்களுக்கு. எங்கும் எழுதாத சட்டம். அதனாலேயே யாரும் மீறாத சட்டம்.

(ஆம்பூர் வெயிலில் ஓக் வளருமா என்று கேட்பீர்கள். வளர்ந்தது. கதை என்னுடையது.)

3

யாரோ பெரிய துரை பூங்காவைப் பார்க்க வருவதாகத் தகவல். தோட்ட மேஸ்திரி ரத்தினசாமி எல்லா மரத்துக்கும் அடியில் வெள்ளையடித்தார். மிச்சச் சுண்ணாம்பை ஓக் மரத்தின் தூரில் கொட்டினார். துரை வரவேயில்லை. ஒரு மாதத்தில் மார்பளவு மரம் முழுக்க மஞ்சளாகிவிட்டது.

டேனரியில் தோலைச் சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்தால் அடுத்தது ஆவாரம் பட்டைத் தொட்டிதான். அமிர்தவள்ளிக்குத் தெரிந்த வரிசை அது.

"இன்னா மேஸ்திரி, சுண்ணாம்பு போட்டு அப்டியே உட்டா ஆவுமா? அட்த்தது பட்டை போட வேணாமா?"

"இது இன்னா மாட்டுத் தோலா?"

"தோலு இல்லாத மரம் எங்க இருக்குது?"

ஊறிச் சாறு போன பட்டைச் சக்கையைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து வேரைச் சுற்றிப் பரப்பினாள். மூன்றாம் மாதம் மரம் பச்சை.

(விஷயம் தெரிந்த வாசகர் சிரிப்பார். சக்கையின் புளிப்பு மண்ணின் காரத்தை முறித்தது, அவள் நினைத்த காரணம் தப்பு என்பார். இருக்கட்டும். சரியான காரணம் தெரிந்த ஒருவரும் அன்றைக்குக் கூடை தூக்கவில்லை.)

4

சக்கை நாறுகிறது என்று பெஞ்சில் உட்கார வரும் பெரிய மனிதர்கள் புகார் சொன்னார்கள். ரத்தினசாமி சக்கையை வழித்தெறிந்தார். அமிர்தவள்ளியை வேலையை விட்டு நிறுத்தினார். புதுசாக இன்னொரு பூச்சு வெள்ளையும் அடித்தார். மரம் மறுபடி மஞ்சள்.

அந்த நேரம் பார்த்து, நட்ட துரைசானி கிறிஸ்துமஸுக்குத் தன் மரத்தைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. மரம் பட்டுப்போனால் ரத்தினசாமியின் வேலை போகும். டேனரி வாசலுக்கே வந்துவிட்டார்.

"அமிர்தம், நாலு கூட சக்கை கொண்டாந்து போட்டுடும்மா. பின்கேட்ட தெறந்து வெக்கிறேன். வேலையும் திரும்பத் தர்றேன்."

"போடறேன். ஆனா முன்கேட்டு வழியாத்தான் வருவேன். பகல்ல, எல்லாரும் பெஞ்சில குந்திங்கீறப்போ."

"பேஜார் பண்ணாத அமிர்தம்."

"மரம் உங்குளுது, சக்கை எங்குளுது. யோசிச்சுக்கோங்க மேஸ்திரி."

5

ஒரு முடிவில் ரத்தினசாமி மனம் மாறிக் கும்பிட்டார். வெல்லம் ஜாஸ்தி, கிழித்தேன். இன்னொன்றில் மரம் செத்தது. அவள் வளர்த்த மரத்தைக் கொன்று அவளுக்கு என்ன நியாயம் வாங்கித் தரப்போகிறேன்? மூன்றாவது: "அமிர்தவள்ளி பெருமூச்சு விட்டுப் பின்கேட்டுக்கு நட—"

மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். அவள் நடக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆகவே நிலவரம் இதுதான். சாயங்காலம் நாலு மணி. முன்கேட் பூட்டியிருக்கிறது. வெளியே அமிர்தவள்ளி, தலையில் ஈரச் சக்கைக் கூடை. உள்ளே ரத்தினசாமி, கையில் சாவி. அவர் பெஞ்சைப் பார்க்கிறார். அந்தப் பெஞ்சில் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். நீங்கள் தலையசைத்தால் திறப்பார். மூக்கைப் பொத்தினால் மாட்டார்.

நான் முடிக்க மாட்டேன். நிதானமாக யோசியுங்கள். நீங்கள் யோசிக்கிற நேரமெல்லாம் அந்தக் கூடை அவள் தலையில்தான் இருக்கிறது.